வெளுத்த நாற்றும் முளைப்பாரியும்

கேள்வி: எங்கள் மகளிர் குழு இந்தக் கும்பப்பூவுக்கு இயந்திர நடவு நாற்று நூற்றிருபது தட்டு போட்டது. மூன்றாம் நாள் முளை தெரிந்தது. தட்டுகளை வெளியே பரப்பலாம் என்றால் மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைக்குள் செங்கல் வைத்து இடைவெளி விட்டு அடுக்கி, சுற்றிலும் கறுப்புத் தார்பாயால் மூடிவிட்டோம். எட்டாம் நாள் மழை விட்டதும் திறந்தால் நாற்று எல்லாம் மஞ்சள். கடையில் யூரியாவும் ‘ஒளி நொதி’ என்று எழுதிய ஒரு டானிக்கும் கொடுத்தார்கள். நாற்பது தட்டை உச்சி வெயிலில் பரப்பி இரண்டையும் தெளித்தோம். மறுநாள் அந்த நாற்பதும் வெள்ளையாகிவிட்டது. மீதி எண்பது தட்டை என்ன செய்வது? இந்த நாற்றுக்கு மூன்று பேரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறோம்.

– மயிலாடி அருகிலிருந்து ஒரு வாசகி

பதில்: இந்தச் சகோதரி முதலில் கடிதம் எழுதவில்லை, போனில்தான் கூப்பிட்டார். நல்லதாகப் போயிற்று. கடிதம் வந்து, பதில் எழுதி, அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் எண்பது தட்டும் குப்பைக்குழிக்குப் போயிருக்கும். மறுநாள் காலையில் நேரில் போய்ப் பார்த்தேன். மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று கேள்வியைப் பிறகு எழுதி வாங்கிக்கொண்டேன்.

நான் போனபோது அவருடைய மாமியார் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது. நான் தார்பாயைத் தூக்குவதற்கு முன்பே சொன்னார்: “சார், இதுல நோயும் இல்ல, ஒண்ணும் இல்ல. முளைப்பாரி மாதிரில்லா இருக்கு. இவளுக்குச் சொன்னா கேக்க மாட்டாங்கா.”

அந்தப் பாட்டி சொன்னதற்கு மேல் நான் கண்டுபிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. அவர் சொன்னது ஏன் சரி என்பதை மட்டும்தான் நான் விளக்க வேண்டியிருந்தது. அதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மன் கோயில் கொடைக்கு முளைப்பாரி போடுவதை நம் பக்கத்தில் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். மண்சட்டியில் எருவும் வைக்கோலும் போட்டு நவதானியம் விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வைத்து வளர்ப்பார்கள். முளை ஒரு சாண் உயரத்துக்குப் பொன் மஞ்சளாய் நிற்கும். தண்ணீர் குறையவில்லை, எரு குறையவில்லை, விதையிலும் குற்றமில்லை. இருந்தும் ஏன் பச்சை இல்லை? ‘வெளிச்சம் இல்லாததால் ஒளிச்சேர்க்கை இல்லை, அதனால் மஞ்சள்’ என்று பள்ளிப் பிள்ளைகள் சொல்வார்கள். அது பாதி பதில். ஒளிச்சேர்க்கை நடக்க முதலில் பச்சையம் வேண்டும் அல்லவா? அந்தப் பச்சையத்தைச் செய்யும் வேலையே இருட்டில் ஒரு படியில் வந்து நின்றுவிடுகிறது. அந்தப் படியைச் செய்து முடிப்பது ஒரு நொதி. ஒளி பட்டால் மட்டுமே வேலை செய்யும் நொதி அது.

நொதி என்றால் உயிரணுவுக்குள் இருக்கும் ஒரு புரதம். ஒரு பொருளைப் பிடித்து இன்னொரு பொருளாக மாற்றிக் கொடுப்பது அதன் தொழில். மாவைப் புளிக்க வைப்பது, விதையிலுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி முளைக்கு ஊட்டுவது எல்லாம் நொதிகளின் வேலைதான். இவை பெரும்பாலும் இரவு பகல் பார்ப்பதில்லை. சூடும் ஈரமும் சரியாக இருந்தால் இருட்டிலும் வேலை நடக்கும். அதனால்தான் நம் நாற்றுத் தட்டை முதல் இரண்டு மூன்று நாள் அடுக்கி மூடி வைக்கிறோம். முளைப்பதற்கு வெளிச்சம் தேவையில்லை, கதகதப்புதான் தேவை.

பச்சையத்தின் கதை வேறு. மயிலாடிக்காரர்களுக்கு அதைச் சொல்ல எனக்குச் சுலபமான வழி உண்டு. சிற்பக்கூடத்தில் ஆசாரி கல்லில் உளியைக் கோணம் பார்த்து வைக்கிறார். உளி தானாகக் கல்லை வெட்டாது. சுத்தியல் அடி விழ வேண்டும். இந்த நொதிதான் உளி. பச்சையமாக மாற வேண்டிய மூலப்பொருளான புரோட்டோகுளோரோஃபில்லைடுதான் கல். (வாயில் நுழையாத பெயர், இனி ‘முன்பச்சையம்’ என்றே சொல்கிறேன்.) இருட்டில் வளரும் நாற்று சும்மா இருப்பதில்லை. வேர் மண்ணிலிருந்து எடுத்ததையும் விதையில் இருந்ததையும் வைத்து முன்பச்சையம் வரைக்கும் செய்து முடித்துவிடுகிறது. நொதி அதைச் சரியான கோணத்தில் பிடித்தும் வைத்துவிடுகிறது. கல் தயார், உளி தயார். சுத்தியல் மட்டும் வரவில்லை. ஒளிதான் அந்தச் சுத்தியல்.

வெளிச்சம் பட்டதும் நடப்பது இரண்டே இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஒட்டிக்கொள்வதுதான். கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் அது முடிந்துவிடுகிறது. அதன் பிறகு ஒரு வால் சேர்ந்தால் முழுப் பச்சையம். நம் கண்ணுக்குப் பச்சை தெரியச் சில மணி நேரம் ஆகும். நன்றாகப் பச்சை கட்ட ஒன்றிரண்டு நாள். பூக்கும் தாவரங்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் விதி. நெல், மிளகாய், வாழை எதுவும் விலக்கில்லை. பைன் மரக் கன்றுகளும் பாசிகளும் இருட்டிலேயே பச்சையம் செய்துகொள்ளும். அவற்றிடம் ஒளி தேவைப்படாத வேறொரு நொதியும் இருக்கிறது. நெல்லிடம் அது இல்லை.

இப்போது மஞ்சள் நாற்றைப் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். நாற்று மஞ்சளாவதற்கு ஒரே காரணம் இல்லை. தழைச்சத்துக் குறைந்தாலும் மஞ்சள், இரும்புச்சத்துக் குறைந்தாலும் மஞ்சள், வெளிச்சம் குறைந்தாலும் மஞ்சள். தழைச்சத்துப் பற்றாவிட்டால் உளியையும் கல்லையும் செய்யவே சரக்கு இல்லை என்று பொருள். நொதியும் பச்சையமும் தழைச்சத்து இல்லாமல் உருவாகாது. அப்போது பழைய அடி இலை முதலில் மஞ்சளாகும், ஏனென்றால் செடி அதிலிருந்து உருவித்தான் புது இலைக்குக் கொடுக்கிறது. இரும்பு பற்றாவிட்டால் முன்பச்சையம் வரைக்கும் வேலை போகாது. கல் வந்து சேராது. அப்போது புது இலை வெளுக்கும், தொடக்கத்தில் நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். தண்ணீர் நிற்காத மேட்டு நாற்றங்காலிலும், சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும்தான் இதை அதிகம் பார்க்கிறோம்.

வெளிச்சக் குறைவு இப்படியெல்லாம் இலை பார்த்து வராது. பழைய இலை, புது இலை, நரம்பு எல்லாம் ஒரே மஞ்சள். நாற்று மெலிந்து, நீண்டு, நிற்கத் தெம்பில்லாமல் சாயும். வெளிச்சத்தைத் தேடி நீளுவதற்கே விதையிலிருந்த சத்தைச் செலவழித்திருக்கும். இதைவிட உறுதியான அடையாளம் ஒன்று இருக்கிறது. அந்தக் கொட்டகையில் தார்பாய் ஓரிடத்தில் கிழிந்திருந்தது. அதற்கு நேரே இருந்த நான்கைந்து தட்டுகளில் ஓரத்து நாற்று மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சை. அதே மண், அதே விதை, அதே தண்ணீர். வெளிச்சம் கசிந்த இடம் மட்டும் பச்சை. மண்ணில் சத்து இல்லை என்றால் அந்த ஓரம் எப்படிப் பச்சையாகும்? அந்தச் சகோதரியைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன். அதற்குப் பிறகு மருந்து பற்றிய பேச்சு எழவில்லை.

கிழிந்த தார்பாய் கிடைக்காதவர்கள் ஒரு பிடி நாற்றை மண்ணோடு பெயர்த்து, வெயில் நேராகப் படாத சன்னல் ஓரத்தில் ஒரு பகல் வைத்துப் பாருங்கள். பச்சை ஏறினால் குறை வெளிச்சத்தில்தான். ஏறாவிட்டால் மண்ணைச் சோதிக்கலாம். இந்தச் சோதனைக்குப் பைசா செலவில்லை.

அப்படியானால் முதல் நாற்பது தட்டு ஏன் வெள்ளையானது? வெளிச்சம்தானே குறை, வெளிச்சத்தில்தானே வைத்தார்கள்? இந்தக் கேள்வியில் நானே ஒரு காலத்தில் வழுக்கி விழுந்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. வேறொரு ஊரில் ஒரு பெரியவர் மிளகாய் நாற்றங்காலுக்கு வைக்கோல் மூடாக்குப் போட்டிருந்தார். முளைத்த பிறகும் அதை எடுக்காமல் விட்டதால் நாற்று வெளிறிக் கிடந்தது. எனக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. பட்டம் வாங்கி அதிக நாள் ஆகவில்லை, பாடம் மனப்பாடம். பகல் பதினொரு மணி வெயிலில் மூடாக்கை எடுக்கச் சொன்னேன். கூடவே கொஞ்சம் யூரியாக் கரைசல். மறுநாள் மாலை போனால் பாத்தி முழுக்கச் சுண்ணாம்பு தெளித்த மாதிரி இருந்தது. அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இளநீர் வெட்டிக் கொடுத்தார். காரணம் சரி, வைத்தியம் தப்பு என்று எனக்கு விளங்கப் பல வருடங்கள் ஆயின.

விஷயம் இதுதான். இருட்டில் கிடந்த நாற்றில் முன்பச்சையம் சேர்ந்து கிடக்கிறது. அதில் நொதி பிடித்து வைத்திருக்கும் பகுதிக்குக் கவலை இல்லை. ஒளி பட்டதும் பச்சையமாகிவிடும். நொதியின் பிடியில் இல்லாமல் உதிரியாகக் கிடக்கும் பகுதிதான் ஆபத்து. அதுவும் ஒளியை வாங்கும். வாங்கிய ஒளியைக் கொடுக்க ஆள் இல்லை. அதனால் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனிடம் கொடுத்துவிடும். அப்படி ஆற்றல் ஏறிய ஆக்சிஜன் பொல்லாதது. உயிரணுவின் சவ்வுகளை எரித்துவிடும். பச்சையம் உண்டாகும் வேகத்தைவிட எரியும் வேகம் அதிகமானால் நாற்று வெளுக்கும். கல்லின் மேல் உளி இல்லாத இடத்தில் சம்மட்டி அடி விழுந்தால் சிற்பமா வரும்? சில்லுதான் தெறிக்கும்.

ஆக ஒரே பொருளும் ஒரே ஒளியும்தான். நொதி பிடித்திருந்தால் உயிர், இல்லாவிட்டால் நெருப்பு. இதைத் தெரிந்துகொண்டு களைக்கொல்லியே செய்து பார்த்தார்கள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கான்ஸ்டன்டின் ரெபெய்ஸ் என்பவரும் குழுவினரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு அது. பச்சையம் செய்யச் செடியே பயன்படுத்தும் ஒரு சிறிய அமிலத்தை மாலையில் களையின் மேல் தெளித்தார்கள். இரவு முழுவதும் களை அதை வாங்கி முன்பச்சையத்தைத் தாங்க முடியாத அளவுக்குக் குவித்துக்கொண்டது. காலையில் சூரியன் உதித்ததும் களை தன் சரக்காலேயே கருகியது. வெங்காய வயலுக்கு நீங்கள் வாங்கும் ஆக்சிஃபுளூர்ஃபென் களைக்கொல்லியும் இதே குடும்ப வேலைதான். பச்சையம் செய்யும் வழியில் முந்திய ஒரு நொதியை அது அடைத்துவிடுகிறது. நடுவில் தேங்கும் பொருள் வெளிச்சத்தில் களையை எரிக்கிறது. வெளிச்சம் இல்லாவிட்டால் அந்த மருந்து தன் வேலையைக் காட்டாது.

டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பைஷ்ணவ் சரண் திரிபாதி என்ற விஞ்ஞானி இந்த நொதியைப் பற்றியே நெடுங்காலம் ஆராய்ந்தவர். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு ஆய்வுச் செடியில் இந்த நொதி வழக்கத்தைவிட அதிகமாக உண்டாகும்படி செய்து அவருடைய குழு பார்த்தது. உளி அதிகமானதும் உதிரியாகக் கிடக்கும் முன்பச்சையம் குறைந்தது; பலத்த வெளிச்சத்தில் எரிவதும் குறைந்தது. 2011-இல் அதை வெளியிட்டார்கள். நாற்று வெளுத்ததற்கு வெயிலை மட்டும் குறை சொல்ல முடியாது, உளிக்கும் கல்லுக்கும் உள்ள கணக்குத்தான் காரணம் என்பது அதிலிருந்து தெளிவாகிறது.

உச்சி வெயிலில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் செடியின் மரபுப் பொருளில் முடிச்சுப் போட்டுவிடும். அந்த முடிச்சை அவிழ்ப்பதற்கும் ஒரு நொதி இருக்கிறது. அதுவும் ஒளியால் ஓடும் நொதிதான், நீல ஒளியை வாங்கி வேலை செய்கிறது. வெயில் அறுத்ததை வெயிலை வைத்தே தைக்கும் தையல்காரன் என்று சொல்லலாம். மனிதர்களுக்கு இந்த நொதி இல்லை. நம் உடம்பு வேறு வழியில் பழுது பார்க்கிறது. இந்த நொதி எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்தவர்களில் ஒருவரான அசீஸ் சன்ஜார், 2015-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நெல் விவசாயிக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். ஜப்பானில் சசானிஷிகி, நோரின் 1 என்று இரண்டு நெல் ரகங்கள். முதலாவது புற ஊதாக் கதிரைத் தாங்கும், இரண்டாவது தாங்காது. தொஹோகு பல்கலைக்கழகத்தில் காரணம் தேடியபோது, இந்தப் பழுது பார்க்கும் நொதியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்ததுதான் தெரிந்தது. நூற்றுக்கணக்கான மணிகள் கோத்த மாலையில் ஒரு மணி வேறு. தையல்காரனின் கை தளர்ந்துவிட்டது.

இனி அந்த டானிக். புட்டியை வாங்கிப் பார்த்தேன். ‘ஒளி நொதி’ என்று பெரிய எழுத்து, சூரியன் படம். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று ஓர் இடத்திலும் இல்லை. விலை 640 ரூபாய். பில் இல்லை.

ஒளியால் ஓடும் நொதி என்பது பொய்யில்லை. இவ்வளவு நேரம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அது புட்டியில் வருகிற சாமான் இல்லை. நொதி ஒரு பெரிய புரதம். இலையின் மேல் மெழுகுப் பூச்சு, அதன் கீழ் உயிரணுச் சுவர், அதற்குள் சவ்வு, அதற்கும் உள்ளே பச்சையம் உண்டாகும் அறை. வெளியிலிருந்து தெளித்த புரதம் இவ்வளவு வாசலையும் தாண்டி உள்ளே போய்ச் சரியான இடத்தில் உட்காராது. செடி தன் மரபுக் குறிப்பைப் பார்த்துத் தானே செய்துகொள்ளும் பொருள் அது. அதோடு, உங்கள் நாற்றில் அந்த நொதி குறையவே இல்லை. இருட்டில் வளர்ந்த நாற்றில்தான் அது நிறையவே சேர்ந்திருக்கும். குறைந்தது சுத்தியல். சுத்தியல் வானத்தில் இருக்கிறது, அதற்கு விலை இல்லை.

ஒளியால் நேரடியாக ஓடும் நொதிகள் இயற்கையிலேயே விரல் விட்டு எண்ணும் அளவுதான். மூன்றாவதாக ஒன்றை 2017-இல் பிரான்சில் கண்டுபிடித்தார்கள். குளத்துத் தண்ணீரைப் பச்சையாக்கும் பாசி வகைகளில் ஒன்றான குளோரெல்லாவில். நீல ஒளி பட்டால் அந்த நொதி கொழுப்பு அமிலத்தை டீசல் போன்ற எண்ணெய்ப் பொருளாக மாற்றுகிறது. அதன் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, விளக்கு வெளிச்சத்தில் அந்த வேலையை வாங்கியும் பார்த்திருக்கிறார்கள். உயிரணுவைக் கலயமாகவும் ஒளியை அடுப்பாகவும் வைத்து மருந்தும் எரிபொருளும் செய்யலாம் என்ற நம்பிக்கையில் பல நாடுகளில் ஆராய்ச்சி நடக்கிறது. அங்கேயும் நொதியை மேலே தெளிப்பதில்லை. உயிரணுவே உள்ளே செய்துகொள்ளும்படி வைக்கிறார்கள். ஆய்வகத்தில் அவ்வளவு பாடுபட்டுச் செய்வதை நம் கடைத் தெருவில் மூடியைத் திருகினால் கிடைக்கும் என்று நம்பாதீர்கள்.

உயிர்த்தூண்டி என்ற பெயரில் விற்கும் டானிக்குகள் 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வந்துவிட்டன. என்ன பொருள், என்ன அளவு, யார் தயாரித்தது என்பது லேபிளில் இருக்க வேண்டும். இல்லாத புட்டியை வாங்காதீர்கள். எதை வாங்கினாலும் பில் கேளுங்கள். ‘தெரிஞ்ச கடையாச்சே, எப்படிக் கேக்க’ என்று நிற்காதீர்கள். இந்தச் சகோதரியிடம் பில் இருந்திருந்தால் நான் புகார் எழுதியிருப்பேன். இல்லாததால் புட்டியை மட்டும் எடுத்து வந்தேன்.

யூரியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருட்டிலிருந்து வந்த நாற்றுக்கு யூரியா கொடுப்பது பட்டினி கிடந்த குழந்தைக்குப் பிரியாணி கொடுப்பது மாதிரி. தழைச்சத்தைப் புரதமாக்கச் சர்க்கரை வேண்டும். சர்க்கரைக்குப் பச்சையம் வேண்டும். அதுதான் இன்னும் இல்லையே. இலை இன்னும் மென்மையாகி, மேகமூட்டமும் சேர்ந்தால் குலைநோய்க்கு வாசலைத் திறந்து விட்டதாகிவிடும்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். மீதி எண்பது தட்டையும் அன்று பகலில் எடுக்கவில்லை. தார்பாயை மட்டும் இரண்டு பக்கமும் சுருட்டிவிட்டு, கொட்டகைக்குள்ளேயே வெளிச்சம் பரவ விட்டோம். பொழுது சாய்ந்த பிறகு தட்டுகளை வெளியே கொண்டு வந்து தென்னந்தோப்பு நிழலில் பரப்பினோம். பாட்டி கூடவே நின்றார். “முளைப்பாரியை நட்டநடு வெயில்லயா சார் எடுப்போம்? பொழுது சாஞ்சாத்தான எடுப்போம்” என்றார். மருமகள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். முளைப்பாரி எடுக்கும் நேரத்துக்கும் நொதிக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் எழுதினால் அது அளப்பாகிவிடும். ஆனால் நேரம் பொருந்தியது.

இரண்டு நாள் முழு நிழல். பசுமை தெரிந்ததும் மூன்றாம் நாள் காலை எட்டு மணி வரை மட்டும் வெயில். நான்காம் நாள் காலையும் மாலையும். ஐந்தாம் நாள் முழு வெயில். தோப்பு இல்லாதவர்கள் பாதி நிழல் தரும் வலையையோ முடைந்த தென்னோலையையோ ஓராள் உயரத்தில் கட்டிக்கொள்ளலாம். தண்ணீரைப் பூவாளியால் காலை மாலை தெளித்து மண்ணை ஈரமாக வைத்தால் போதும். தட்டில் தேங்கக் கூடாது. நாற்று நன்றாகப் பச்சை கட்டிய பிறகுதான், அதுவும் வளர்ச்சி மந்தமாக இருந்தால் மட்டும், பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் யூரியாவும் 50 கிராம் துத்தநாக சல்பேட்டும் கரைத்து மாலையில் தெளிக்கலாம்.

வெள்ளையான நாற்பது தட்டை உடனே கொட்டிவிடச் சொல்லவில்லை. நெல் நாற்றின் வளரும் முனை மண்ணை ஒட்டிக் கீழே இருக்கிறது. மேல் இலை வெந்தாலும் அடிக் குருத்து உயிரோடிருக்கலாம். மூன்றாம் இலை வரும் வரைக்கும் விதையிலிருக்கும் சத்தும் கொஞ்சம் கை கொடுக்கும். நடு இலையை மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடித்து நின்றால் உயிர் உண்டு. அழுகி உருவிக்கொண்டு வந்தால் இல்லை. தட்டில் பாதிக்கு மேல் உருவி வந்தால் அந்தத் தட்டைக் காப்பாற்ற முயல்வது நாளை வீணாக்குவதுதான். கால்வாய்த் தண்ணீர் முறையை வைத்து நடவு செய்யும் நமக்குப் பணத்தைவிட நாள் பெரிது. அன்றே விதையை ஊற வைக்கச் சொன்னேன், எத்தனை தட்டு தேறும் என்று பார்ப்பதற்கு முன்பே.

எண்பதில் எழுபத்தாறு தேறியது. மெலிந்து நீண்டிருந்த சில தட்டுகளை இயந்திரம் சரியாக எடுக்கவில்லை. அவற்றைக் கையால் நட்டார்கள். வெள்ளை நாற்பதில் பதினான்கு மட்டும் மீண்டது. முன்பணம் கொடுத்தவர்களில் இருவருக்கு முழு நாற்றும் போய்ச் சேர்ந்தது. மூன்றாமவருக்குப் புது விதைப்பில் பதினைந்து நாள் தள்ளிக் கிடைத்தது. அவர் சத்தம் போட்டார்; நியாயம்தான். அவருக்குக் குழு விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டது. குழுவுக்கு இந்தப் போகத்தில் லாபம் இல்லை, நஷ்டம் பெரிதாக இல்லை என்று கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

ஐப்பசி மழைக்கு இன்னும் தட்டுப் போட இருப்பவர்களுக்கு: மூடி அடுக்கி வைப்பது முளை வெளியே தெரியும் வரைக்கும்தான், இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். மழை விடவில்லை என்றால் கறுப்புத் தார்பாயைத் தொடாதீர்கள். வெள்ளைப் பாலித்தீன் தாளை மூங்கில் வளையத்தில் கூரை மாதிரி கட்டுங்கள், பக்கம் திறந்திருக்கட்டும். மேகமூட்ட வெளிச்சமே இந்த நொதிக்குத் தாராளம். அடுக்கிய தேதியை மேல் தட்டில் சாக்பீஸால் எழுதி வையுங்கள். வீட்டில் கல்யாணமோ துட்டியோ வந்தால் நாள் மறந்துபோகும்.

கன்னிப்பூவில் அம்பை 16 போட்டு வயல் சாய்ந்ததைப் பற்றி நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். மண் பரிசோதனை அட்டை இருப்பவர்கள் அதன் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். அடுத்த இதழில் பார்ப்போம்.